மடுல்சீமைக்கு ஒரு பெட்டி ஏல்

மலையேறும் ரயிலில் சன்னலோர இடம் கிடைப்பது யோகம் என்று சொல்லித்தான் என்னை உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத பக்கம் என் பக்கம். தூத்துக்குடிக்காரனுக்கு உயரம் என்றால் உப்பளத்து அம்பாரம்தான். அதற்கு மேல் பழக்கமில்லை. வண்டி வளையும் இடத்திலெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். எதிரே இருந்த சிங்களப் பெரியவர் என்னைக் காட்டிப் பக்கத்து ஆளிடம் ஏதோ சொன்னார். தமிழ் தெரிந்த ஒருவர் அதை எனக்குச் சொன்னார்: "வழி பூரா சாமி கும்பிட்டுக்கிட்டே வர்றீங்களாம். பெரிய பக்திமான்னு சொல்றாரு." நான் மறுக்கவில்லை.

உண்மையில் மலையைவிடப் பெரிய பயம் ஒன்று என்னோடு கப்பலேறி வந்திருந்தது. என் அக்காவைப் பதுளையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அத்தானுக்குக் கடைத்தெருவில் பெரிய கடை. அரிசி, கோதுமை மாவு, மண்ணெண்ணெய், நாட்டு மருந்து, கூடவே தோட்டத்துத் துரைமார்களுக்குச் சீமைக் குடிவகைகள். கடைசியில் சொன்னதை விற்கக் கச்சேரியில், அதாவது கவர்மெண்ட் ஆபீசில், லைசென்ஸ் வேண்டும். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் புதிதாக வந்த ஸ்காட்லாந்துக்காரத் துரை, அத்தான் அனுப்பும் ஸ்காட்லாந்து ஏலில் சாக்கடைத் தண்ணீர் கலந்திருக்கிறது என்று கச்சேரிக்கு எழுதிப்போட்டுவிட்டார். திங்கட்கிழமை விசாரணை. லைசென்ஸ் போனால் துரைமார் வாடிக்கை போகும். அது போனால் கடை நிற்காது. கலப்படக்காரன் என்ற பெயரோடு அக்கா குடும்பம் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இதில் என்னை எதற்கு அழைத்தார்கள் என்றால், தூத்துக்குடியில் சீமைச் சரக்கு இறக்கும் கம்பெனிக் கிடங்கில் எனக்கு வேலை. ஏல் என்பது பீரில் ஒரு வகை. இங்கிலீஷ்காரன் ஏல் வெளிறிக் கசக்கும். ஸ்காட்லாந்துக்காரனுடையது கறுத்து, கனத்து, இனிப்போடு இருக்கும். நான் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன் என்று வீட்டில் நம்புகிறார்கள். எழுதத்தான் செய்கிறேன். ஆனால் வந்திறங்கும் சரக்கில் ஒரு வாய் ருசித்து நல்லதா கெட்டதா என்று சொல்வதும் என் பொறுப்பு. வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கள்ளுக்கடை இருக்கிற தெரு என்பதற்காகவே சுற்றிப்போகிற குடும்பம் எங்களுடையது.

பண்டாரவளையோடு ரயில் நின்றுவிட்டது. அதற்கு மேல் காதர் பாயின் மாட்டுவண்டி. காதர் பாய் பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். சரக்கு ஏற்றிப் போகும் வண்டியில் அத்தானுக்காக என்னையும் ஏற்றிக்கொண்டார். இறக்கத்தில் மாடு ஓட ஆரம்பித்ததும் நான் துணிமூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க தம்பி. இந்த மாடு ஒரே ஒரு தடவைதான் பள்ளத்துல விட்டிருக்கு" என்றார்.

"எப்போங்க?"

"போன வாரம்."



தெமோதரைப் பக்கம் வழிக்கடை ஒன்றில் நிறுத்தினார். ஒரு சிங்கள அம்மா தேங்காய் போட்ட ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிவப்பாகச் சம்பல். மாசிக்கருவாடு போட்டிருக்கிறதா என்று கேட்டேன். "மாசி இல்லாம சம்பல் செய்றதா? அது என்ன சம்பல்?" என்று அவள் சிரித்தாள். மீன்பிடிக்கிற ஊரில் பிறந்தும் மீன் தொடாதவன் நான் என்பதைக் காதர் பாய்தான் விளக்கினார். அவள் இரக்கப்பட்டு, ரொட்டியோடு தொட்டுக்கொள்ள, கூந்தற்பனையில் காய்ச்சிய கித்துள் கருப்பட்டித் துண்டு ஒன்றை வைத்தாள். நம்மூர்ப் பனங்கருப்பட்டி நாக்கைப் பிடித்து இழுக்கும். இது அப்படியில்லை. மெதுவாகக் கரைந்து, கடைசியில் லேசாகப் புகை வாசம் காட்டிவிட்டுப் போயிற்று. அந்தப் பயணத்தில் நான் பயமில்லாமல் அனுபவித்த முதல் பொருள் அது.

பதுளைக்குப் போய்ச் சேர்ந்தபோது வயிறு கலங்கிக் கிடந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அரிஷ்டப் புட்டியை எடுத்து, கை வளையல்கள் கலகலக்கக் குலுக்கி, ஒரு சங்கு ஊற்றிக் கொடுத்தாள். "மலைக்கோச்சி ஏறினா எல்லாருக்கும் இப்படித்தாம்ல. குடி, சரியாப்போகும்" என்றாள். கோச்சி என்றால் இங்கே ரயில். நாலு வருடத்தில் அக்கா பேச்சில் பாதி மலைநாடு ஏறிவிட்டிருந்தது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ வந்துட்டேல்ல, இனி எனக்குப் பயமில்ல" என்றாள். அவளுடைய பயமும் சேர்ந்து என் தலையில் இறங்கியது.

மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். அத்தான் கல்லாவில் இருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, நெற்றி நிறையத் திருநீறு. குடிவகை அலமாரி அவருக்கு முதுகுப்பக்கம் இருந்தது. விற்பார், ஆனால் அந்தப் பக்கம் மூக்கைக்கூடத் திருப்ப மாட்டார். யாராவது புட்டி கேட்டால் கையை மட்டும் பின்னால் நீட்டி எடுப்பார்.

"மாப்ளே, சத்தியமா சொல்றேன். சீமையிலருந்து வந்த புட்டி வந்தபடியே போகுது. தக்கையக்கூட நான் தொடல. இதுக்கு முந்தி இருந்த தொரை எத்தனையோ வருசம் இதையேதானே குடிச்சாரு? ஒரு வார்த்தை சொன்னதில்லையே!" என்றார். அவர் கலக்கமாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தராசில் ஈ உட்கார்ந்தால்கூட விரட்டிவிட்டு மறுபடி நிறுக்கிற மனிதர்.

ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு சாக்கு மூட்டைகள் அடுக்கிய பின்னறைக்குப் போனேன். "பார்த்தாலே எனக்குத் தெரியும் அத்தான், நீங்க கடையக் கவனிங்க" என்று கதவைச் சாத்தினேன். விற்பனைக்கு வைத்திருந்த கண்ணாடித் தம்ளர் ஒன்றைத் துடைத்து, சாய்த்துப் பிடித்து, ஓரமாக ஊற்றினேன்.

இவ்வளவு காலம் தூத்துக்குடியில் நான் ருசித்தது பாதிதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. நம்மூர் வெக்கையில் இந்த ஏல் வாயில் பட்டதும் தித்தித்துத் திகட்டிவிடும். பதுளையின் காலைக் குளிரில் அது அவசரப்படவே இல்லை. முதலில் வறுத்த தானியத்தின் வாசம். நாக்கில் இறங்கியதும் இளஞ்சூட்டுப் பாகின் இனிப்பு. கசப்பு இருக்கிறது, ஆனால் முன்னால் வந்து நிற்காமல் இனிப்பு கெட்டுப்போகாதபடி பின்னால் நின்று பார்த்துக்கொள்கிறது. விழுங்கிய பிறகு, வழிக்கடைக் கித்துள் கருப்பட்டியின் அதே புகை. இது குளிர்நாட்டுக்காரன் குளிருக்காகச் செய்தது. கண்ணை மூடி இன்னொரு வாய் குடித்தேன். அப்புறம்தான் எங்கே இருக்கிறேன் என்ற நினைவு வந்து, அவசரமாக ஏலக்காயைத் தேடி வாயில் போட்டுக்கொண்டேன்.

புட்டியின் அடியில் மண்டி படிந்திருந்தது. அது இருக்கத்தான் வேண்டும். ஏல் புட்டிக்குள்ளேயே பக்குவமாகிற சரக்கு. ஆக, கடையில் சரக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. பங்களாவில் சாக்கடையாகிறது. நடுவில் இருப்பது பாதை மட்டும்தான். மடுல்சீமைப் பாதையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். போகிற ஆட்டத்தில் மண்டி முழுவதும் கலங்கி, ஓய்வு கொடுக்காமல் உடனே திறக்கிறார்கள். காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கிடைத்ததும் இன்னும் அதிகமாகப் பயந்தேன். இது சரியில்லை என்றால் என் கையில் வேறு காரணம் கிடையாது.

புட்டிகளை ஒரு நாள் அசையாமல் வைத்துத் துரைக்கு ஊற்றிக் காட்டலாம் என்று, சனிக்கிழமை விடிந்ததும் ஒரு பெட்டி ஏலோடு அத்தானும் நானும் வண்டியில் கிளம்பினோம். பசறைக்கு அப்பால் பாதை என்பது மரியாதைக்குச் சொல்கிற பெயர். வண்டியை விட்டுவிட்டு, பெட்டியைத் தோட்டத்து ஆள் ஒருவர் தலையில் ஏற்றிக்கொண்டார். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் அட்டை ஏறியது தெரியவில்லை. வேட்டியில் ரத்தத்தைப் பார்த்து நான் கத்திய கத்தலுக்கு, மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அட்டைதாங்க! உப்பு வச்சா விழுந்துரும்!" என்று ஒருத்தி சத்தம் போட்டுச் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். உப்பளத்து ஊர்க்காரனிடம் ஒரு சிட்டிகை உப்பு இல்லை.

பங்களாவில் துரை வெளியே போயிருந்தார். சமையல் பார்க்கும் அப்பு நல்ல மனிதர். தெற்கே காலி ஊரிலிருந்து வந்த சிங்களவர். தமிழ் சரளமாகப் பேசினார். சாமான் அறை மூலையில் புட்டிகளை நிமிர்த்தி வைத்துவிட்டு, "தொரை கேக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது, நகத்தக் கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "தொடவே மாட்டேங்க ஐயா" என்றார் அப்பு. அன்றிரவு கங்காணி வீட்டில் தங்கினோம். அத்தான் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையாதலால் பெரட்டுத் தப்பு அடிக்கவில்லை. மற்ற நாட்களில் விடியுமுன் அந்தத் தப்புச் சத்தம்தான் லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்பை எழுப்பி வேலைக்கு வரிசைப்படுத்துமாம். நானோ அடிக்காத தப்புக்காகக் காத்துக் கிடந்தேன். பகல் சாப்பாட்டுக்கு முன்பு துரை எங்களை வரச்சொல்லியிருந்தார். பங்களா வராந்தாவில் அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூண் ஓரமாக நின்றார். உள்ளே துரையும் பக்கத்துத் தோட்டத் துரையும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தது சன்னல் வழியாகக் கேட்டது.

"இன்றைக்கு என்ன வித்தை காட்டப்போகிறான் இந்தக் கடைக்காரன்?"

"உனக்கு முன்னால் இருந்தவர் இதை வயிற்றுக்கு நல்லது என்று சொல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்."

"எனக்கு மருந்து வேண்டாம். என் ஊர் ஏல் வேண்டும். இன்றைக்கும் அதே சாக்கடை என்றால், கச்சேரியில் நானே போய் நின்று இந்தக் கடையை மூடவைப்பேன்."

"என்ன சொல்றாங்க மாப்ளே?" என்று அத்தான் கிசுகிசுத்தார்.

"வெயிலப் பத்திப் பேசுறாங்க அத்தான்."

வெளியே மேகம் மூடிக் கிடந்தது. அத்தான் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

துரைமார் வெளியே வந்து நாற்காலியில் அமர்ந்தார்கள். பாதையின் ஆட்டத்தையும், மண்டியையும், ஒரு நாள் ஓய்வையும் பற்றி எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். துரை இளைஞர், முகம் வெயிலில் வெந்திருந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பு! கொண்டு வா" என்றார்.

சாமான் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அப்புவின் முழங்கை மட்டும் தெரிந்தது. அந்த முழங்கை மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. அக்காவின் வளையல் கை எப்படிப் போய்வந்ததோ அப்படியே. கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. அதற்குள் அப்பு பவ்யமாகப் புட்டியைக் கொண்டுவந்து, துரைக்கு முன்னால் தக்கையைத் திருகினார். வெடித்தது. நுரை சீறி மேசையில் பாதி, என் கோட்டில் பாதி. மிச்சம் தம்ளரில் விழுந்தது, மழைக்காலத்து வாய்க்கால் நிறத்தில்.

"இதுதான்!" துரை எழுந்துவிட்டார். "இதே சாக்கடைதான்! பார்த்துக்கொள்!"

"அப்பு, ஏன் குலுக்கினீங்க?" என்னுடைய குரல் இப்போதுதான் வந்து சேர்ந்தது.

அப்புவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "குலுக்காம எப்படிங்க குடுக்கிறது? கடை ஐயா எப்பவும் சொல்லி அனுப்புறதுதானே. பழைய தொரைக்கும் நல்லாக் குலுக்கித்தான் குடுத்தேன்."

எல்லோரும் தூண் ஓரத்தைப் பார்த்தோம். அத்தான் முகத்தில் ரத்தமில்லை. ஆனால் முன்னால் வந்து நின்றார்.

"ஆமா தொரை. நான்தான் சொன்னேன். சத்தெல்லாம் அடியில தங்கி நிக்குது. ஒருத்தர்ட்ட முழுக் காசையும் வாங்கிக்கிட்டு, சத்தைப் புட்டியில விட்டுட்டு மேல்தண்ணிய மட்டும் குடுத்தா அது திருட்டு இல்லையா? நம்ம கடையில அரிஷ்டம் வாங்குற ஆளுக்கே நான் குலுக்காமக் குடுக்க மாட்டேன். தொரைக்கு எப்படிக் குடுப்பேன்?"

துரை என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறான் என்று கேட்டார். இதை அப்படியே சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். மாற்றிச் சொன்னால், உள்ளதை உள்ளபடி சொன்ன மனிதரின் பேச்சை நான் கலப்படம் செய்ததாகும். ஒரு சொல்கூட விடாமல் மொழிபெயர்த்தேன்.

நான் சாமான் அறைக்குப் போய் இரண்டாவது புட்டியைத் தூக்கினேன். அப்போதுதான் கவனித்தேன், என் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பு குலுக்கியது போதாதென்று நானே குலுக்கிவிடுவேன் போலிருந்தது. புட்டியைக் கீழே வைத்தேன். முருகா என்று சொல்லி, கையை வேட்டியில் துடைத்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, கைக்குழந்தையைத் தூக்கிப்போகிற மாதிரி அடிமேல் அடி வைத்துக் கொண்டுபோனேன். தக்கை மெதுவாக மூச்சுவிட்டது. தம்ளரைச் சாய்த்து ஊற்றினேன். மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். தம்ளரில் கறுஞ்சிவப்பாக, வெளிச்சம் ஊடுருவ, தெளிந்து நின்றது. பக்கத்திலேயே அப்பு ஊற்றிய சேற்றுத் தம்ளர். ஒரே பெட்டி, ஒரே மூலை, ஒரே இரவு.

துரை தம்ளரைத் தொடவில்லை. "முதலில் நீ குடி" என்றார்.

அத்தானுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் துரையின் விரல் தம்ளரையும் என்னையும் காட்டியதற்கு மொழி வேண்டியதில்லை. அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் குடித்தேன்.

"எப்படி இருக்கிறது?"

நன்றாயிருக்கிறது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில் வாய் கிடங்கு வழக்கத்துக்குப் போய்விட்டது. வறுத்த தானியம், பாகு, பின்னால் நிற்கும் கசப்பு என்று தொடங்கி, கடைசியில் வரும் புகைக்கு இங்கிலீஷ் அகப்படாமல் "கித்துள் கருப்பட்டி" என்று தமிழிலேயே முடித்தேன். சொல்லி முடித்தபோது அத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாகக் குடிக்கிறவன் இவ்வளவு நேரம் பேசமாட்டான் என்று அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

துரை குடித்தார். வாயில் வைத்திருந்து விழுங்கினார். நாற்காலியில் சாய்ந்து மலையைப் பார்த்தார். இரண்டாவது முறை தானே எடுத்து ஊற்றிக்கொண்டார், மெதுவாக, ஓரமாக. பக்கத்துத் துரைதான் முதலில் சிரித்தார். "அந்தக் கிழவருக்கு இத்தனை வருடம் சத்து ஊட்டியிருக்கிறார்கள்!" என்றார். பிறகு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துரை தம்ளரை அத்தானிடம் நீட்டி, அரைகுறைத் தமிழில், "குடிக்க வேண்டாம். வாசம் பார்" என்றார். அத்தான் தயங்கினார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, இத்தனை காலம் முதுகுப்பக்கம் வைத்து விற்ற பொருளை முதல் முறையாக முகர்ந்தார்.

"ஆமா மாப்ளே" என்றார் ஆச்சரியத்தோடு. "கருப்பட்டி வாசந்தான்."

புகாரை வாபஸ் வாங்குவதாக எழுதித் துரை கையெழுத்துப் போட்ட காகிதத்தை அத்தான் மடியில் கட்டிக்கொண்டார். லைசென்ஸ் பிழைத்தது. இறங்கி வரும் வழியில் அத்தானிடமிருந்து, பசறை தாண்டிய பிறகு ஒரே ஒரு கேள்வி.

"கணக்கு எழுதுறதாத்தானே சொன்னீங்க?"

"எழுதுறேன் அத்தான்."

"ம்."

அந்த 'ம்' பதுளை வரை வண்டியில் எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. கச்சேரிப் பயம் தீர்ந்த இடத்தில் அக்கா பயம் குடியேறிவிட்டது. அவளுக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தால் அந்தக் கிடங்குப் பக்கம் நான் போகவே முடியாது.

வீட்டில் விளக்கேற்றி இலை போட்டிருந்தாள். அத்தான் காகிதத்தைக் காட்டினார். அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எனக்குச் சோறு போடக் குனிந்தவள், கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"என்னல இது, உம்மேல ஒரு வாசம்?"

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. அத்தான் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அரிஷ்டம்" என்றார். "மலைப்பாதையில வயித்தப் புரட்டுதுன்னாரு. நான்தான் வாங்கிக் குடுத்தேன். மேலயும் கொஞ்சம் கொட்டிக்கிட்டாரு."

துரைக்கு முன்னால்கூடப் பொய் வராத வாய் அது.

"குலுக்கிக் குடுத்தீங்களா?" என்றாள் அக்கா.

அத்தான் சற்று யோசித்தார். "இல்ல. குலுக்கல."

"குலுக்காமக் குடுத்தா என்னங்க பிரயோசனம்? வெறும் மேல்தண்ணியக் குடுத்து எந்தம்பிய இவ்வளவு தூரம் நடக்க வச்சிருக்கீங்க!" என்று அக்கா அலமாரியிலிருந்து புட்டியை எடுத்தாள். வளையல்கள் கலகலத்தன. அவள் குலுக்கிக் குலுக்கிச் சங்கு வழிய ஊற்றினாள். அத்தான் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மண்டியோடு சேர்த்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.